அதிர்வு அடங்கும் நேரம்

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி நேதன்சனும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிலிக்கான் சில்லின் மேல் மெல்லிய தங்கத் தண்டு ஒன்றை அமைத்து அதை அதிர வைத்தது பற்றிய கட்டுரை அது. தண்டின் ஒரு முனை சில்லில் ஊன்றியிருக்கும். மறுமுனை அந்தரத்தில் ஆடும். கையில் பிடித்துத் தட்டும் இசைக்கவையின் வேலையை மின்சுற்றுக்கு உள்ளேயே ஒரு துளித் தங்கம் செய்தது. 5,000 ஹெர்ட்ஸில் அதிரும் தண்டை எடுத்துக்கொண்டு, அவர்கள் எட்டிய மிகச் சிறந்த தரத்தை அதற்கு வைத்துக் கணக்குப் போட்டால், தட்டி விட்ட தண்டின் வீச்சு 37 சதவீதமாகச் சுருங்குவதற்கு 0.03 நொடி ஆகும். கண் இமைக்க அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

2024இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று தாங்கள் செய்த இழையைப் பற்றி எழுதியது. பொருள் சிலிக்கான் நைட்ரைடு. நீளம் 3 சென்டிமீட்டர். தடிமன் 70 நானோமீட்டர். நொடிக்கு 2,14,000 முறை அதிரும் அந்த இழையைச் சாதாரண அறை வெப்பநிலையில், வெற்றிடக் கலத்துக்குள் வைத்து ஆட்டி விட்டால், வீச்சு அதே 37 சதவீதமாகச் சுருங்க ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம் ஆகிறது. காலைச் சிற்றுண்டிக்கு முன் தட்டி விட்டால் மதியச் சாப்பாடு நெருங்கும்போதும் அது ஆடிக்கொண்டிருக்கும்.

0.03 நொடிக்கும் 2 மணி 40 நிமிடத்துக்கும் நடுவில் 57 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை எவ்வளவு படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அதிரும் பொருளை எல்லோருமாகச் சேர்ந்து மேலும் மேலும் நல்லதாக்கினார்கள் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். கதை அப்படிப் போகவில்லை.

மண்பானை வாங்கப் போகிறவர்கள் விரல் முட்டியால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்து மெல்ல அடங்கினால் நல்ல பானை; பொத்தென்று நின்றுவிட்டால் எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத குறையை, ஒலி அடங்கும் நேரம் காட்டிக்கொடுத்துவிடும். இயற்பியலர்கள் செய்வதும் இதே சுண்டிப் பார்த்தல்தான். அடங்கும் நேரத்துக்கு அவர்கள் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதன் பெயர் கியூ. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் கே. எஸ். ஜான்சன் மின்சுருள்களின் தரத்தைக் குறிக்க இந்த எழுத்தை எடுத்தார். மற்ற எழுத்துகளுக்கெல்லாம் ஏற்கெனவே வேறு வேலை இருந்தது, மிஞ்சியது இதுதான் என்பது அவர் சொன்ன காரணம். தரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று பின்னால் வந்தவர்கள் பொருள் கற்பித்துக்கொண்டார்கள். கியூவை 3.14ஆல் வகுத்தால், வீச்சு 37 சதவீதத்துக்கு வருவதற்குள் பொருள் எத்தனை முறை ஆடும் என்பது கிடைக்கும். தங்கத் தண்டின் கியூ, மிகச் சிறந்த நிலையில், 500. டெல்ஃப்ட் இழையின் கியூ 660 கோடி. அதாவது அன்று சுமார் 160 ஆட்டம். இன்று 210 கோடி ஆட்டம்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'தடையுறு அலைவுகள்' என்று ஒரு பகுதி வரும். படிப்படியாகக் குறுகிப்போகும் அலைக்கோடு ஒன்றை வரைந்து, காற்றின் உராய்வால் ஆற்றல் இழக்கப்படுகிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆய்வகத்தில் இன்னொன்றையும் செய்தோம். அதன் பொருள் அப்போது விளங்கவில்லை. 512 என்று பொறித்த இசைக்கவையை ரப்பர் திண்டில் தட்டி, காதருகே பிடித்தால் மெல்லிய ஒலி நெடுநேரம் கேட்கும். அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால் அறை முழுவதும் கேட்கும்படி ஒலிக்கும். ஆனால் விரைவில் அடங்கிவிடும். மேசை ஒலியைப் பெருக்குகிறது என்று மட்டுமே நினைத்தோம். உண்மையில் மேசை, கவையின் ஆற்றலைக் காம்பு வழியே உறிஞ்சிக் காற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. ஊன்றிய இடத்தில் ஒழுகும் இந்த இழப்பு பின்னால் எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுக்கப்போகிறது என்பது அந்த மேசைக்கு முன் நின்றிருந்த எங்களுக்குத் தெரியாது.

முதல் எதிரி காற்றுதான். கடிகாரக்காரர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். 1921இல் இங்கிலாந்தின் ரயில்வே பொறியாளர் வில்லியம் ஷார்ட் தம் கடிகாரத்தின் ஊசலை ஓர் உலோக உருளைக்குள் அடைத்து, உள்ளிருந்த காற்றைப் பெருமளவு உறிஞ்சி எடுத்தார். வெப்பத்தால் ஏறக்குறைய நீளாத இன்வார் உலோகத்தில் செய்த அந்தக் கனத்த ஊசலின் கியூ ஒரு லட்சத்தை எட்டியது. வானாய்வகங்கள் பல ஆண்டுகள் அதை நம்பி நேரம் குறித்தன.

பெரிய ஊசலுக்குக் காற்று ஒரு தொந்தரவு என்றால், நுண்ணிய தண்டுக்கு அது பிசுபிசுக்கும் தேன். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். மேற்பரப்போ நூற்றில் ஒன்று வரைதான் குறையும். எடையில் இருப்பது ஆட்டத்தைத் தாங்கும் ஆற்றல். மேற்பரப்பில் நடப்பது இழப்பு. பொருள் சிறுக்கச் சிறுக்க முதல் குறைந்துகொண்டே போகும், செலவு அதே வேகத்தில் குறையாது. 1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் டாங், கிளார்க் நுயென், ரோஜர் ஹவ் ஆகியோர் சீப்பின் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஆடும் சிலிக்கான் அமைப்புகளைச் செய்தார்கள். அந்த வகை ஒத்ததிர்விகளுக்கு, அதாவது அதிர்வதற்கென்றே செய்த அமைப்புகளுக்கு, காற்றில் கியூ நூறுக்குள் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் வெற்றிடத்தில் வைத்து அளந்தபோது அது 80,000ஐத் தொட்டது. பொருள் அதேதான், வடிவமும் அதேதான். சுற்றியிருந்த காற்று மட்டும் இல்லை.

நம்மில் பெரும்பாலோர் கையில் கட்டியிருந்த குவார்ட்ஸ் கடிகாரத்திலும் இதுவே நடந்தது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சீகோ ஆஸ்ட்ரானின் குவார்ட்ஸ் 8,192 ஹெர்ட்ஸில் அதிர்ந்தது. பின்னால் 32,768 என்பது உலகப் பொது எண் ஆனது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்தால் அரிசியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளிநிறக் குப்பி ஒன்று தெரியும். அதனுள் வெற்றிடம், வெற்றிடத்துக்குள் ஒரு குட்டி இசைக்கவை. குப்பியை உடைத்துக் காற்றுப் படவிட்டால் அந்தக் கவையின் கியூ ஏறக்குறைய பத்தில் ஒன்றாக விழுந்துவிடும்.

காற்று எல்லா இடத்திலும் எதிரி என்றும் சொல்ல முடியாது. காரின் காற்றுப்பையை விரியச் செய்யும் முடுக்க உணரியில் ஒரு நுண்ணிய எடை இருக்கிறது. மோதலின்போது அது ஒரு முறை நகர்ந்து நிற்க வேண்டும்; மணியைப்போல அதிர்ந்துகொண்டே இருந்தால், வந்தது மோதலா, சாலைப் பள்ளத்தின் எதிரொலியா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே அங்கே வேண்டுமென்றே வாயுவை உள்ளே விட்டு ஆட்டத்தை அடக்குகிறார்கள். அதே சிலிக்கான், அதே அளவு, அதே தொழிற்சாலை முறை. ஒன்றில் இழப்பை விரட்டுகிறார்கள், மற்றொன்றில் அழைத்து உட்கார வைக்கிறார்கள்.

வெற்றிடத்தைக் காப்பதும் எளிய வேலையாக இருந்ததில்லை. 2018இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. கருவி பொருத்தும்போது ஹீலியம் கசிந்தது. நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற மின்கருவிகளும் வேலை செய்தன. ஒரே நிறுவனத்தின் கைப்பேசி முதலிய கருவிகள் மட்டும் நாற்பதுபோல உயிரற்றுப் போயின. அவற்றின் உள்ளே குவார்ட்ஸுக்குப் பதிலாகச் சிலிக்கான் ஒத்ததிர்வி நேரம் காட்டிக்கொண்டிருந்தது. ஹீலியம் அணு மிகச் சிறியது. மற்ற வாயுக்களைத் தடுக்கும் உறைக்குள்ளும் அது ஊடுருவி, வெற்றிடத்தைக் கெடுத்து, ஆட்டத்தைக் குலைத்துவிட்டது. சில நாள் கழித்து ஹீலியம் தானாக வெளியேற, பெரும்பாலான கைப்பேசிகள் மீண்டும் விழித்துக்கொண்டன. குவார்ட்ஸ் குப்பியோடு இருந்த காலத்தில் இப்படி ஒரு நோய் கைப்பேசிக்கு வந்ததில்லை.

காற்றை நீக்கியதும் அடுத்த இழப்பு வெளியே வந்தது. இதற்கான கணக்கை ஒருவர் வெகுகாலம் முன்பே போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் ஜீனர் டையோடு படிக்கிறோமே, அந்த கிளாரன்ஸ் ஜீனர்தான். 1937இல் அவர் கேட்டது இது: ஓர் உலோகத் தகட்டை வளைத்தால் உட்புறம் நெருக்கப்பட்டு இம்மியளவு சூடாகிறது, வெளிப்புறம் இழுபட்டு இம்மியளவு குளிர்கிறது, அந்தச் சூடு தகட்டின் குறுக்கே பாய்ந்து சமனாகும்போது ஆட்டத்தின் ஆற்றல் ஒரு பங்கு வெப்பமாகவே தங்கிவிடாதா? தங்கிவிடும் என்று கணக்கு காட்டியது. ஆட்டம் மிக மெதுவாக இருந்தால் சூடு ஒழுங்காகத் திரும்பிவிடும். மிக வேகமாக இருந்தால் பாய நேரமே இராது. இரண்டுக்கும் நடுவில், சூடு குறுக்கே பாய எடுக்கும் நேரமும் ஆட்டத்தின் நேரமும் ஒத்துப்போகும் இடத்தில், இழப்பு உச்சத்துக்குப் போகும்.

ஜீனர் தம் காலத்துத் தகடுகளையும் கம்பிகளையும் மனத்தில் வைத்து இதை எழுதினார். சிலிக்கான் தண்டின் தடிமன் பத்து மைக்ரான் அளவுக்கு வந்தபோது அந்த உச்சம் பத்து லட்சம் ஹெர்ட்ஸ் பக்கம் வந்து நின்றது. பொறியாளர்கள் வேலை செய்ய விரும்பிய இடத்திலேயே. 2000இல் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் ரான் லிஃப்ஷிட்ஸும் மைக்கேல் ரூக்ஸும் ஜீனரின் தோராயக் கணக்கைத் துல்லியமான சூத்திரமாக்கினார்கள். பின்னர் தீர்வும் வடிவம் பெற்றது: தண்டில் துளை போடுவது. வலுவான பொருளில் துளையிட்டால் அது நைந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே சரியான இடத்தில் வெட்டிய சிறு பிளவுகள் சூட்டின் பாதையை மாற்றிவிட, ஆட்டம் நீடித்தது.

அதன் பின் வந்த இழப்புதான் பலரைச் சோர்வடையச் செய்தது. 1996இல் ஆண்ட்ரூ கிளிலேண்டும் ரூக்ஸும் 7.7 மைக்ரான் நீளச் சிலிக்கான் தண்டு ஒன்றைத் திரவ ஹீலியக் குளிரில் வைத்து, நொடிக்கு ஏழு கோடி முறைக்கு மேல் அதிர வைத்தார்கள். வேகத்தில் பெரிய பாய்ச்சல். கியூ மட்டும் 20,000 அளவில் நின்றுவிட்டது. மற்ற ஆய்வகங்களிலும் இதே நிலை. தண்டு சிறுத்த அளவுக்குக் கியூவும் சிறுத்தது. மேற்பரப்பில் தானாகப் படியும் ஆக்சைடு, ஒட்டிக்கொண்ட நீர், நிலை தடுமாறி இங்குமங்கும் தாவும் அணுக்கள், இவை ஒவ்வொன்றும் ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைத் தின்றன. சூடேற்றிச் சுத்தம் செய்தால் ஓரளவு தேறியது. ஆனால் 70 நானோமீட்டர் தடிமனில் உள்ளே என்று தனியாக ஒன்று பெரிதாக இருப்பதில்லை. பொருளின் கணிசமான பங்கு தோலாகவே இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 1951இல் ஹெர்பர்ட் காலனும் தியோடர் வெல்டனும் பொதுவாக நிறுவிய ஓர் உண்மை இதற்கு விடை. ஆற்றல் வெளியேறும் வழி ஒருவழிப் பாதை அல்ல. எந்தக் கதவு வழியே ஆட்டம் வெளியே கசிகிறதோ, அதே கதவு வழியே வெளியுலகின் வெப்பநடுக்கம் உள்ளே வருகிறது. இழப்பைக் குறைத்தால் நடுக்கமும் குறையும். நடுக்கம் குறைந்தால் மிக மெல்லிய விசையும் தெரியும். 1990களில் ஸ்டான்ஃபோர்டும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து செய்த மெல்லிய சிலிக்கான் நெம்புகோல்கள் அட்டோநியூட்டன் அளவை, அதாவது ஒரு நியூட்டனைக் கோடியால் வகுத்து, மறுபடி கோடியால் வகுத்து, அதையும் பத்தாயிரத்தால் வகுத்த விசையை உணரத் தொடங்கின. அந்த வழியில் சென்ற டேனியல் ரூகரின் குழு 2004இல் ஒற்றை எலக்ட்ரானின் சுழற்சியை ஒரு நெம்புகோலின் ஆட்டத்திலிருந்து கண்டறிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சாதனை இதுதான். சுண்டிப் பார்க்கும் விரல் இதைவிடக் கூர்மையாக முடியுமா என்று தோன்றும்.

திருப்பம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. சிலிக்கான் நைட்ரைடை எண்ணூறு டிகிரி வெப்பத்தில் சிலிக்கான்மேல் படிய வைத்தால், அது இயல்பாகவே கடுமையான இழுவிசையோடு படிகிறது. சுமார் ஒரு கிகாபாஸ்கல். அன்று அது ஒரு குறை. படலம் தடித்தால் வெடிக்கும், தகடு வளையும். ஆகவே இழுவிசை குறைந்த நைட்ரைடு செய்வது எப்படி என்று செய்முறைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2006இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வெர்பிரிட்ஜும் உடனிருந்தவர்களும் அந்த இழுவிசையை அப்படியே விட்டு, நைட்ரைடை நுண்ணிய கம்பிகளாக வெட்டி அளந்தார்கள். அறை வெப்பநிலையில் கியூ 2 லட்சம். 2008இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹாரிஸின் குழு எடுத்துக்கொண்டது அதைவிட எளிய பொருள்: எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மாதிரியைத் தாங்கி வைப்பதற்கென்று கடையில் விற்கும் நைட்ரைடுச் சன்னல், ஒரு மில்லிமீட்டர் அகலம், 50 நானோமீட்டர் தடிமன். அதைச் சுண்டிப் பார்த்தார்கள். கியூ 10 லட்சம். யாரும் அதிர்வுக்காகச் செய்யாத பொருள் அது.

ஏன் இப்படி? வீணைக்கம்பி தளர்ந்திருக்கும்போது மீட்டினால் மந்தமாக ஒலித்து அடங்கும். முறுக்கேற்றினால் நீண்டு ஒலிக்கும். தளர்ந்த தண்டு ஆடும்போது அதன் ஆற்றல் முழுவதும் வளைவில் இருக்கிறது. வளைவு பொருளின் உள்ளே நடப்பது, அங்கேதான் இழப்பு. முறுக்கேறிய கம்பி ஆடும்போதோ ஆற்றலின் பெரும்பங்கு இழுவிசைக்கு எதிராகச் செய்த வேலையாக நிற்கிறது. அது இழப்பின் கைக்கு எட்டாத இடம். வளைவில் இருப்பது சொற்பம். இழப்பு அந்தச் சொற்பத்தில் மட்டுமே கை வைக்கும். ஈர்ப்பலை தேடியவர்களுக்கு இது 1990களிலேயே பழக்கமான கருத்து. கேப்ரியலா கொன்சாலஸும் பீட்டர் சால்சனும் 1994இல் தொங்கும் எடையைக் கொண்டு இதை விளக்கமாக எழுதினார்கள். அந்தத் தேடலுக்கான லைகோ நிலையங்களில் முன்பு எஃகுக் கம்பியில் தொங்கிய கண்ணாடிகள் இன்று 40 கிலோ எடையோடு, 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கா இழைகளில் தொங்குகின்றன. அந்தப் பெரிய ஊசலின் பாடம் நுண்ணிய கம்பிக்கு வந்து சேரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இழுத்துக் கட்டிய கம்பியிலும் ஓர் இடம் மிஞ்சியது. நடுவில் மெதுவாக வளையும் கம்பி, கட்டிய முனைகளில் மட்டும் வெடுக்கென்று மடங்குகிறது. மிஞ்சிய இழப்பு அந்த மடிப்பில் குவிந்திருந்தது. மேசையில் ஊன்றிய இசைக்கவை மறுபடியும் வந்துவிட்டது; இம்முறை ஊன்றிய இடத்தின் வழியே கசிவதோடு, ஊன்றிய இடத்திலேயே தேய்மானமும். 2017இல் கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனத்தில் சவ்வு முழுவதும் தேன்கூடுபோல ஒழுங்கான துளைகளைப் போட்டு, அதிர்வு நடுவிலேயே நின்று விளிம்பை நோக்கி மெல்லத் தேய்ந்து மறையும்படி செய்தார்கள். ஆட்டம் விளிம்பை எட்டாததால் அங்கே மடிப்பும் இல்லை. கியூ 20 கோடி. மறு ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசானில் டோபியாஸ் கிப்பன்பெர்க்கின் குழு 20 நானோமீட்டர் தடிமனுள்ள தண்டின் அகலத்தை நடுவை நோக்கிக் குறைத்து, இழுவிசை முழுவதும் ஆட்டம் இருக்கும் இடத்தில் வந்து குவியச் செய்தது. 80 கோடி. டெல்ஃப்டில் சிலந்திவலை வடிவத்தைக் கணினியிடம் கொடுத்து, எந்த வலை நன்றாக ஒலிக்கும் என்று தேடச் சொன்னார்கள். 100 கோடி கடந்தது. அதன் பின்தான் முதலில் சொன்ன 3 சென்டிமீட்டர் இழை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்து இன்னும் மீளவில்லை. பல ஆய்வகங்களின் அளவீடுகளைத் திரட்டி 2014இல் கியர்மோ வில்லனுவேவாவும் சில்வன் ஷ்மிட்டும் எழுதியதன்படி, மெல்லிய சிலிக்கான் நைட்ரைடின் சொந்தக் கியூ, மேற்பரப்பு இழப்பைக் கொண்டு பார்த்தால், 100 நானோமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய 6,000. 70 நானோமீட்டருக்கு 4,200. அவ்வளவுதான். நேதன்சனின் தங்கத் தண்டு 500. இன்றைய பொருள் 4,200. அறுபது ஆண்டுக்கு அருகில் எட்டு மடங்கு. 4,200க்கும் 660 கோடிக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 16 லட்சம் மடங்கும் பொருளிலிருந்து வரவில்லை. இழுத்துக் கட்டியதிலிருந்தும் வரைந்த வடிவத்திலிருந்தும் வந்தது. பொருள் அன்று எவ்வளவு ஒழுகியதோ இன்றும் கிட்டத்தட்ட அவ்வளவு ஒழுகுகிறது. ஆற்றலை அந்த ஓட்டைக்கு எட்டாத இடத்தில் வைக்கப் பழகியிருக்கிறார்கள்.

பொருளையே மாற்றியவர்களும் உண்டு. 2020இல் கால்டெக்கில் ஆஸ்கர் பெயின்டரின் குழு குறையில்லாத சிலிக்கான் படிகத்தை, தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து ஆயிரத்தில் ஏழு பாகை மட்டுமே மேலே வைத்து, 500 கோடி ஹெர்ட்ஸில் அதிர வைத்தது. ஒன்றரை நொடி தாங்கியது. கடிகாரத்தில் பார்த்தால் அற்பம். ஆட்டங்களை எண்ணினால் 700 கோடிக்கு மேல்.

பெற்றதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. இழந்ததும் இருக்கிறது. 1967இன் தண்டு அதிர்ந்தது காதுக்கு எட்டும் எண்ணில். 5,000 ஹெர்ட்ஸ் என்பது சுவர்க்கோழியின் சுருதி. இன்றைய இழையின் 2,14,000 ஹெர்ட்ஸை எந்த மனிதக் காதும் கேட்காது. கேட்கும் அதிர்வெண்ணாக இருந்தாலும் வெற்றிடத்திலிருந்து ஒலி வெளியே வராது. பானையைச் சுண்டியவருக்குக் கிடைத்த அந்த உடனடி விடையும் போய்விட்டது. தங்கத் தண்டு சொல்ல வேண்டியதை இமைக்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்து அடுத்த செய்திக்குத் தயாராகும். 660 கோடிக் கியூ உள்ள இழையோ ஒரு செய்தியை வாங்கிக்கொண்டால் தானாக அதை மறப்பதற்கு மணிக்கணக்கில் ஆகும். வேகமாக மாறும் எதையும் அது தன் ஆட்டத்தின் அளவால் சொல்லாது. உறுதியும் போயிற்று. அந்த இழையின் தடிமனை ஒரு மில்லிமீட்டராகப் பெருக்கிப் பார்த்தால் நீளம் 430 மீட்டர் ஆகும். அதைச் சிலிக்கானிலிருந்து விடுவிக்கும்போது ஒரு துளி நீர் பட்டால், உலரும் நீரின் இழுப்பே அதை முறித்துவிடும். அதனால் வாயுவால் அரித்தே விடுவிக்கிறார்கள். காற்றில் எடுத்து வைத்தால் கியூ சரிந்துவிடும். காற்றின் மூலக்கூறு ஒன்று இன்னொன்றில் மோதும் முன் சராசரியாகச் செல்லும் தொலைவும் 70 நானோமீட்டருக்கு அருகில்தான் என்பது தற்செயல். ஆனாலும் மூலக்கூறுகளின் உலகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் அந்த இழை தொங்குகிறது என்பதை அது காட்டுகிறது.

அளக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பு அலைவுகாட்டித் திரையில் ஒரு கணம் தோன்றி மறையும் கோடு போதும். இன்று ஆட்டிவிட்டு விசையை நிறுத்தியதும் ஒரு லேசர்க் கதிர் இழையின் வீச்சைத் தொடர்ந்து பார்க்கிறது. திரையில் ஒரு நேர்கோடு, இறங்குகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லச் சரிகிறது. ஆட்டம் நீள நீள இதிலும் ஒரு சங்கடம் வந்தது. பார்க்கும் ஒளியே இழையைத் தொடுகிறது. அதன் மெல்லிய அழுத்தம்கூட ஆட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ போதும், அளவு பொய்யாகிவிடும். ஆகவே சில ஆய்வகங்களில் ஒளியைச் சிறிது நேரம் திறந்து, வீச்சைக் குறித்துக்கொண்டு, மூடிவிடுகிறார்கள். அடுத்த குறிப்பு வரை கலத்துக்குள் ஒளியும் இல்லை, காற்றும் இல்லை. இருட்டில் இழை ஆடிக்கொண்டிருக்கிறது.